இரண்டு பத்துக்கு அணையும் பெட்டி

ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் வேதாச்சலத்துக்கு 'விழாத லைன்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பாதி கேலியாக வைத்தது. மீதிப் பாதியை அவரே சம்பாதித்துக்கொண்டார்.

1994-ல் சென்னையிலிருந்து ஒரு டிஷ் ஆன்டெனாவை லாரியில் ஏற்றி வந்து, மாமனார் வீட்டு மாடியில் பொருத்தி, மரத்துக்கும் கம்பத்துக்குமாகக் கம்பி இழுத்து நாற்பது வீடுகளுக்குப் படம் காட்டியபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. அதுவரை ஊர் ஒரே ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு வந்ததெல்லாம் நல்லது என்று சொல்வதற்கில்லை. நிறைய வந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை படத்தின் நடுவில் குரங்கு கம்பியை அறுத்துவிட்டால், அடுத்த பாட்டு முடிவதற்குள் வேதாச்சலம் மரத்தின் மேல் இருப்பார். வேறு திறமை எதுவும் தன்னிடம் இருப்பதாக அவர் சொல்லிக்கொண்டதில்லை.

கேபிள் போய் ஃபைபர் வந்தது. அதற்குள் தெருக்கள் மாறியிருந்தன. பிள்ளைகள் ஸ்ரீ சிட்டிக்கும் பெங்களூருக்கும் மஸ்கட்டுக்கும் போனார்கள். சில வீடுகளில் பெற்றவர்களும் பின்னாலேயே போய்விட, வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆனால் இணைப்பை யாரும் துண்டிக்கச் சொல்லவில்லை. கூடத்தில் ஒரு கேமரா, கேமராவுக்கு ஒரு ரவுட்டர். யாரும் இல்லாத கூடத்தை யாரோ ஒருவர் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி நின்றுபோனால் போய்த் திருப்பிப் போடுவதற்காக அந்த வீடுகளின் சாவிகள் வேதாச்சலத்திடம் இருந்தன. அவர் வீட்டில் ஒரு பலகையில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். மொத்தம் பதினொன்று.

பூட்டிய வீட்டுக்குள் நுழையும்போது அவருக்கு ஒரு பழக்கம். கதவைத் திறந்ததும் கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கி, "நான்தான், வேதாச்சலம்" என்று உரக்கச் சொல்வார். பதில் வராது. சொல்லாமல் உள்ளே போனால் அந்த வீட்டில் தானும் ஒரு திருடன்போலத் தோன்றும் என்பார். வெளியே வந்து பூட்டும்போது, உள்ளே யாரோ பேச்சை நிறுத்திக்கொண்டதுபோல் இருக்கும் என்பதை மட்டும் அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

மணியம்மாவின் வீடு பூட்டிய வீடு அல்ல. நகரிக்கு வெளியே புத்தூர் சாலையில் உள்ள காலனியில் அறுபத்தாறு வயதில் அவர் தனியாக இருந்தார். கருங்கல் சுவர், ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் துவைகல். கணவர் ஏகாம்பரம் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். தொண்ணூறுகளில் சாலையோரம் ஒரு நூல் ஆலை வந்ததும் அதில் சேர்ந்து, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் முதல் ஷிஃப்ட் பார்த்தார். அந்தச் சம்பளத்தில் அரை ஏக்கர் நிலம் வாங்கினார். அந்தக் குடும்பத்தில் நிலம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். கொரோனாவின் இரண்டாவது அலையில் மூச்சு வாங்குகிறது என்று திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே இறந்தார். அந்த நாட்களில் இருந்த விதிப்படி உடலையும் அங்கேயே எரித்துவிட்டார்கள். வாசலில் ஆட்டோ ஏறியதுதான் மணியம்மா அவரைக் கடைசியாகப் பார்த்தது.

மகள் ரூபா ஸ்ரீ சிட்டியில் செல்போன் பாகங்களைப் பொருத்தும் தொழிற்சாலையில் மூன்று வருடம் இருந்துவிட்டு, கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போனவள். அப்பா போன மறு வருடம் ஆனியில் அம்மா துவைகல்லருகே வழுக்கி விழுந்து, காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை எழ முடியாமல் கிடந்தார். பக்கத்து வீட்டு மல்லிகா தயிர் கேட்டு வந்தபோதுதான் தெரிந்தது. அதன் பிறகு ரூபா கூடத்தில் ஒரு கேமராவும் பின்கதவுக்கு மேல் இன்னொன்றும் மாட்டினாள். வேதாச்சலம் இணைப்புக் கொடுத்தார்.

பத்து நாளில் அவள் போன் செய்தாள்.

"அண்ணா, ரெண்டு பத்துக்குப் போயிட்டுது. ரெண்டு நாப்பதுக்குதான் வந்துது. தெனமும் இதே டைம். உன் லைன் இன்னா, சோறு துன்னப் போவுதா?"

வேதாச்சலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "தறி ஓட்றவங்க ரெண்டு மணிக்கு மறுபடி மோட்டர் போடுவாங்கம்மா. வோல்டேஜ் எறங்கும். டப்பா தாங்காது. மாத்திக் குடுக்கறேன்."

"நல்ல டப்பாவா குடு. எச்.டி.ல வச்சாதான் அம்மா மூஞ்சி தெரியுது. கொறைச்சா வெறும் பொடவதான் நவுந்துகினு போவுது. பயமா கீது அண்ணா."

ரவுட்டர் பொறுக்குவதில் வேதாச்சலத்துக்குச் சொந்தமாக ஒரு முறை இருந்தது. எத்தனை ஆன்டெனா என்று எண்ணி வாங்குகிறவர்களைப் பார்த்து, "மாட்டுச் சந்தையில கொம்பப் பாத்து வாங்கற மாதிரி" என்பார். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வேகத்தை நம்பமாட்டார். சித்தூருக்குப் போய் இரண்டு மூன்று வகை வாங்கி வந்து, மாடித் தகரக் கொட்டகையில் வெயில் காயும் இடத்தில் வைத்து, நான்கு போன்களில் எச்.டி. படம் ஓடவிட்டு ஒரு வாரம் விடுவார். சூட்டில் படம் நின்று சுற்றத் தொடங்கும் பெட்டி தேறாது. தேறியதைக் கூடத்தின் நடுவில், ஃபிரிட்ஜுக்கும் டி.வி.க்கும் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேல் வைப்பார். கருங்கல் சுவரைத் தாண்டி அலை போவது கடினம் என்பதால் அலமாரிக்குள் வைக்க விடமாட்டார்.

அப்படித் தேறிய ஒன்றை, இரண்டு அலைவரிசையிலும் வேலை செய்வதை, மணியம்மா வீட்டில் வைத்தார். டி.வி.க்கு ஒரு அலைவரிசை, கேமராக்களுக்கு மற்றது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. தரையின் விரிசல்கூடத் தெரிந்தது.

மறுநாள் இரண்டு பத்துக்குப் போய்விட்டது.

அவர் நேரிலேயே உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்து ஒன்றரை மணிக்குப் போனார். மணியம்மா மோர் கொடுத்தார். ஒன்றே முக்காலுக்குச் சோறு வடித்தார். இரண்டு ஆனதும் கூடத்துக்கு வந்து நின்றார்.

"இன்னா வேதா, முடிஞ்சிதா?"

"ரெண்டு பத்து வரைக்கும் பாத்துட்டுப் போறேன்க்கா."

"டப்பாவ மொறைச்சிப் பாத்தா நிக்குமா? கெளம்பு. உம் பொண்டாட்டி சோறு வச்சிக்கினு காத்துகினு இருப்பா."

"அவ டி.வி. பாத்துகினு இருப்பா."

"நீ குடுத்த லைன்தான? போ, கூட ஒக்காந்து பாரு. போப்பா."

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. அவர் எழுந்து செருப்பை மாட்டினார். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சாலைக்கு வந்து வண்டியை உதைப்பதற்குள் போன் அதிர்ந்தது.

ஃபைபர் முனையில் இருக்கும் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. லைன் அறுந்தால் அது ஒன்றும் சொல்லாமல் காணாமல் போகும். மின்சாரம் நின்றால் மட்டும், உள்ளே மிச்சமிருக்கும் சொட்டு மின்சாரத்தில் கடைசியாக ஒரு செய்தியை அனுப்பிவிட்டு அணையும். தொழிலில் அதைக் கடைசி மூச்சு என்றே சொல்கிறார்கள். மணியம்மா வீட்டிலிருந்து வந்தது அதுதான். இரண்டு பதினொன்று. பக்கத்தில் மல்லிகா வீட்டு டி.வி. ஓடும் சத்தம் கேட்டது. மின்சாரம் எங்கும் போகவில்லை.

அன்று மாலை ரூபா இரண்டு படங்களை அனுப்பினாள். ஒன்று, லைன் போவதற்கு முன்: கூடம், சுவரோரம் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி. இன்னொன்று, லைன் வந்த பிறகு: அதே கூடம், நாற்காலி நடுவுக்கு வந்து வாசலுக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு தட்டு அளவுக்கு வட்டமான ஈரம்.

"தெனமும் இப்டிதான் கீது அண்ணா. அம்மா மூணு மணிக்கு வந்து நாற்காலிய எடுத்துப் போட்டுட்டுத் தொடைச்சி வுடுது. கேட்டா தூங்கிட்டேன்னு சொல்லுது. யாரு வர்றாங்க அண்ணா வூட்டுக்கு? காமிரா எப்ப நிக்கும்னு தெரிஞ்சவன் எவனோ வர்றான்."

"அப்டியெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா."

"அப்ப இன்னா இருக்கும்?"

மறுநாள் அவர் சித்தூருக்குப் போனார். ஒரு சிறிய பேட்டரிப் பெட்டி வாங்கி வந்தார். வீட்டு மின்சாரம் நின்றாலும் ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் கேமராக்களும் நான்கு மணி நேரம் ஓடும். சுவிட்சை யார் அணைத்தாலும் லைன் விழாது. தன் வாழ்நாளில் இதைவிட உறுதியான இணைப்பை யாருக்கும் அவர் கொடுத்ததில்லை. மாட்டும்போது மணியம்மா பக்கத்தில் வந்து நின்றார். ஒயர்கள் போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதித்துப் பார்க்க ரூபா அவர் போனிலும் கேமரா தெரியும்படி செய்திருந்தாள். மறுநாள் இரண்டு பத்துக்கு வேதாச்சலம் ரயில் நிலையம் எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து போனைத் திறந்தார்.

கூடம் துல்லியமாகத் தெரிந்தது. மணியம்மா சமையலறையிலிருந்து வந்து மெயின் சுவிட்சை அணைத்தார். மின்விசிறி மெல்ல நின்றது. படம் நிற்கவில்லை. அவர் ரவுட்டரின் பச்சை விளக்கைப் பார்த்தார். சுவிட்சைப் போட்டு மறுபடி அணைத்தார். விளக்கு எரிந்தது. பிறகு அவர் தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும் அந்நியனை, அவன் நகரட்டும் என்று பார்ப்பதுபோல் பார்த்தார். இமைப்பதுகூடத் தெரிந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த வேதாச்சலம் போனைக் கவிழ்த்து வைத்தார்.

அந்த வாரம் முழுக்க லைன் விழவில்லை. நாற்காலி சுவரோரம் இருந்த இடத்திலேயே இருந்தது. ரூபா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை அனுப்பினாள். "சூப்பர் அண்ணா, இதுதான் டப்பா."

ஆறாம் நாள் மல்லிகா தெருவில் அவரை நிறுத்தினாள். "வேதாண்ணா, மணியக்கா ஒரு வாரமா மத்தியானம் சோறு துன்றதே இல்ல. ஆக்குது, அப்டியே எடுத்தாந்து எங்க வூட்ல குடுத்துடுது. கேட்டா பசி லேதுன்னு சொல்லுது. ஒருக்கா போய்ப் பாரேன்."

அவர் போனார். மணியம்மா அவரை உள்ளே கூப்பிடாமல் தானே வெளியே வந்தார். கேமராவின் கண்ணில் படாமல் வாசற்படிக்குப் பக்கவாட்டில் நின்றார். கன்னம் ஒட்டியிருந்தது.

"வேதா, நான் உனுக்கு இன்னா பாவம் பண்ணேன்?"

"அக்கா..."

"லைன் போச்சின்னா உன்னத்தான் திட்டுவாங்கன்னு தெரியும். திட்டட்டும்னுதான் அணைச்சேன். உன்மேல பழி போட்டது தப்புதான். அதுக்காவ இப்டியா?"

"யாருக்கா வர்றாங்க?"

"ரூபா நைனா ரெண்டு பத்துக்கு வருவாரு. ஆலை சைரன் ரெண்டுக்கு ஊதும், சைக்கிள்ல பத்து நிமிஷம். கை கழுவிக்கினு ஒக்காருவாரு. மூட்டுவலி வந்ததுலேர்ந்து நாற்காலிதான், தட்டு ஸ்டூல்ல. ரெண்டு நாப்பதுக்கு மாட்டப் புடிச்சிக்கினு கழனிக்குப் போயிடுவாரு. எத்தினி வருசம்? உனுக்குத் தெரியாதா?"

வேதாச்சலத்துக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஆள் சாப்பிடும்போது கதவைச் சாத்திவிடுவார்கள். வாசலில் போகிறவர் பார்வை சோற்றில் விழுந்தால் கண் பட்டுவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. அவர் அம்மாவும் அப்படித்தான் சாத்தினார். சாப்பாட்டு நேரத்தில் கேபிள் கம்பி பார்க்கப் போய், சாத்திய கதவின் முன் எத்தனையோ முறை அவரே காத்து நின்றிருக்கிறார். இத்தனையும் தெரிந்திருந்தும், இரண்டு கேமராக்களை மாட்டி, அவற்றைச் சாத்த முடியாதபடி பேட்டரியும் வைத்திருந்தார்.

"எல்லாக் கண்ணும் தொறந்து கெடக்கச்சே எப்டிப்பா சோறு போடறது? அவுரு எப்பவும் போட்டோவுக்கே நிக்கமாட்டாரு. அன்னிக்கி ஆஸ்பத்திரிக்குப் போனதே சோறு துன்னாமப் போனாரு. இப்பவும் வாசல் வரைக்கும் வந்துட்டு நிக்கறாரு. உள்ள வரமாட்டேங்கிறாரு. அவுரு துன்னாம நான் எப்டித் துன்றது?"

வேதாச்சலம் வாசலைப் பார்த்தார். வெயில். சாலையில் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது.

"நெஜமாவே வர்றாராக்கா?"

"அதக் கேக்க நீ யாரு? நீ லைன்காரன். லைனப் பாரு."

வேதாச்சலம் வண்டியில் சாய்ந்து நின்று யோசித்தார். சுவிட்சை மணியம்மா கையில் கொடுத்தால், ஒருநாள் மறதியில் போடாமல் விட்டுவிடுவார். அன்று விழுந்தால் யாருக்கும் தெரியாது. பேட்டரி இருந்தால் அவர் சாப்பிடமாட்டார். ரூபாவிடம் உண்மையைச் சொன்னால் அம்மாவை அன்றே பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போவாள், வைத்தியரிடமும் காட்டுவாள். மூன்றுமே நடக்கக்கூடியவை. மூன்றில் எதையும் தன்னால் முடிவு செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் ரவுட்டரின் கடவுச்சொல் அவரிடம்தான் இருந்தது.

நல்ல ரவுட்டர்களில், பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் நெட்டை நிறுத்திவைக்க ஒரு வசதி உண்டு. அவர் அதைத் திறந்து இரண்டு பத்து என்று போட்டார். இரண்டு நாற்பது என்று போட்டார். தினமும் என்பதைத் தொட்டார்.

"ரெண்டு பத்துக்கு அதுவே அணைஞ்சிடும்க்கா. ரெண்டு நாப்பதுக்கு அதுவே வந்துடும். நீ சுவிட்ச தொடாத. ஆனா அந்த அரை மணி நேரம் நான் வெளிய இருப்பேன். கதவுக்கு முதுகு காட்டிக்கினு. உன் சத்தம் கேக்கலன்னா மல்லிகாவ உள்ள அனுப்புவேன்."

மணியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "திரும்பிப் பாக்கமாட்டியே?"

"மாட்டேன்."

அன்று இரவே ரூபாவிடம் பொய் சொன்னார். மேல் கம்பெனிக்காரர்கள் தினமும் அந்த நேரத்தில் லைன் மாற்றுகிறார்கள், தன் கையில் இல்லை என்றார்.

"இவ்ளோ பெரிய டப்பா, பேட்டரி, எல்லாம் வச்சும் அரை மணி நேரம் நிக்கலியே அண்ணா? விழாத லைன்னு ஊரே சொல்லுது!"

"ஊர் ஆயிரம் சொல்லும்மா. என் லைன் அவ்ளோதான்."

இருபத்தெட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை.

அதிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு அவர் வண்டி மணியம்மா வீட்டெதிரே கம்பத்தடியில் நின்றது. கம்பத்தில் இருந்த பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வதுபோல் நிற்பார். பின்னால் கதவு சாத்தும். நாற்காலி இழுபடும். ஸ்டூல் வைக்கும் சத்தம், தட்டுச் சத்தம், பிறகு மணியம்மாவின் குரல். வெண்டைக்காய் விலை, ரூபா மாமியார், நிலத்தில் போர் தண்ணீர். இடையிடையே, பதில் கேட்பதற்கு வேண்டிய அளவு மௌனம். அந்த மௌனங்களின் நீளம் ஒன்றுபோல் இருக்கவில்லை. தனக்குத்தானே பேசுகிறவர்கள் அப்படி விடுவதில்லை என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை அவர் மேலே யோசிக்கவில்லை.

ஒருநாள் மட்டும் அவர் குழம்பினார். மணியம்மா பின்பக்கம் வந்து சொம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் வீட்டின் பக்கச் சந்து வழியாக அவருக்கு நன்றாகக் கேட்டது. மணியம்மா தொட்டியருகே நின்று இருமுவதும் கேட்டது. அதே நேரத்தில் கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. சாப்பிட்டு முடித்த ஆள் பின்னுக்குத் தள்ளி எழும் சத்தம். வேதாச்சலம் திருகி முடித்த ஸ்க்ரூவை மறுபடி கழற்றத் தொடங்கினார். அவர் திரும்பவில்லை. சொல்லிவிட்டோமே என்பதற்காகத் திரும்பாமல் இருந்தாரா, பயத்தில் திரும்பாமல் இருந்தாரா என்று பின்னால் அவராலேயே சொல்ல முடியவில்லை.

மணியம்மாவின் கன்னம் தேறியது. ஆறு மாதம் இப்படி நடந்தது.

தை மாதத்தில் ரூபா கண் ஆபரேஷனுக்காக அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்துப் போக வந்தாள். இரண்டு மாதம் ஆகும் என்றாள். "நெட்டு இருக்கட்டும் அண்ணா. காலி வூட்ட ஒரு கண்ணு பாத்துக்கினு இருக்கணும்." சாவியை அவரிடம் கொடுத்தாள். பலகையில் பன்னிரண்டாவது ஆணி அடித்தார்.

பஸ் ஏறும்போது மணியம்மா அவரைத் தனியே கூப்பிட்டார்.

"வேதா, ரெண்டு பத்துக்கு அணைஞ்சிடுமில்ல?"

"அணைஞ்சிடும்க்கா."

"நான் இல்லாட்டியும்?"

"நீ இல்லாட்டியும்."

"சரி" என்றார். பிறகு, "நான் ஊருக்குப் போறத அவுரு கிட்ட சொல்லிட்டேன். கேட்டுக்கினாரா இல்லியான்னு தெரியல" என்றார்.

பத்து நாள் கழித்து மத்தியானம் மூன்று மணிக்கு வேதாச்சலம் தன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மணியம்மா போன பிறகு அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. போன் அடித்தது. ரூபா.

"அண்ணா, வூட்டுக்குள்ள போனியா இன்னா?"

அவர் சோற்றுக் கையோடு எழுந்தார். "ஏம்மா?"

"நாற்காலி நடுக் கூடத்துல கீது. வாசலுக்கு முதுகு காட்டிக்கினு. ரெண்டு ஒம்பதுக்குச் செவுத்துக்கிட்ட இருந்துது, நான் பாத்தேன். எப்பவும் கைய தூக்கி பேரு சொல்லிட்டுதான போவ? லைன் இல்லாத நேரமாப் பாத்து சொல்லாமப் போனியேன்னு எனுக்குப் பக்குனு ஆயிட்டுது. அம்மா கிட்ட படத்த காட்னேன். சிரிக்குது. நீதான?"

வேதாச்சலம் பலகையைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் அவள் போலீஸுக்குச் சொல்வாள். புதிய பூட்டு வரும், பேட்டரியோடு நினைவு அட்டையும் வைத்து ஒரு நொடியும் மூடாத வேறு கேமரா வரும். அது வந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் சாப்பிட முடியாது.

"நான்தாம்மா" என்றார். "ஒயர் பாக்கப் போனேன். நாற்காலி மேல ஏற வேண்டியிருந்துது. எடுத்துப் போட மறந்துட்டேன்."

"சொல்லிட்டுப் போ அண்ணா."

"சரிம்மா. இனிமே சொல்லிட்டுப் போறேன்."

போனை வைத்தார். பன்னிரண்டாவது ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அவர் மனைவி போன வெள்ளிக்கிழமை எல்லாச் சாவிகளுக்கும் வைத்த மஞ்சள் குங்குமம் கை படாமல் அப்படியே காய்ந்திருந்தது. அவர் போய்த் தெருக் கதவைச் சாத்திவிட்டு வந்து, மீதிச் சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தார்.